நெல்லும் சொல்லும்: காசமான்ஸ் விடுதலை இயக்கத்தில் ஒரு குருவின் பங்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் பேசுவோர் நூல்களைப் பற்றியோ ஆசிரியர்களைப் பற்றியோ பேசுதல் மரபு. யான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வாறானதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டின் தென்பகுதியாகிய காசமான்ஸில் எழுந்த விடுதலை இயக்கத்திற்குத் தலைமை தாங்கிய கத்தோலிக்கக் குரு ஒருவரைப் பற்றியதே இவ்வுரை. இதற்கும் இலக்கிய வட்டத்திற்கும் யாது தொடர்பு என நீங்கள் வினவலாம். அவர் ஆயுதம் ஏந்தியவர் அல்லர்; செல்வம் உடையவரும் அல்லர். அவரிடம் இருந்தது சொல் ஒன்றே. சொல்லைத் தொழிலாகவோ தவமாகவோ கொண்டிருக்கும் நமக்கு, ஒரு மனிதரின் சொல் எவற்றைச் செய்யவல்லது, எவற்றைச் செய்ய இயலாது என்பதை அறிந்துகொள்வது இன்றியமையாதது. அதனாலேயே இப்பொருளைத் தேர்ந்தேன்.

குருமார் மக்கள் இயக்கங்களுக்குத் தலைமை தாங்கியது வரலாற்றில் புதிதன்று. 1810 செப்டம்பரில் மெக்சிகோவின் தொலோரெஸ் என்னும் ஊரில் ஆலய மணியை ஒலித்து மக்களைத் திரட்டிய மிகேல் இதால்கோ ஒரு பங்குக் குரு. அடுத்த ஆண்டே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1980இல் விடுதலை பெற்ற வனுவாத்துத் தீவுகளின் முதல் தலைமை அமைச்சர் வால்டர் லினி ஆங்கிலிக்கத் திருச்சபையின் குரு. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தந்தை எனப் போற்றப்படும் பார்த்தெலெமி போகண்டாவும் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவரே.

இஃது ஏன் நிகழ்கிறது என்பதை உணர்தல் கடினமன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் உள்ளூர் மைந்தர் உயர்கல்வி பெறுவதற்கு இருந்த வாயில்கள் மிகச் சில. அவற்றுள் குருத்துவக் கல்லூரியும் ஒன்று. குருவானவர் ஆள்வோரின் மொழியையும் அறிவார். மக்களின் மொழியையும் அறிவார். ஊர் ஊராகச் செல்வார். வாரந்தோறும் மக்கள் கூடும் இடத்தில் நின்று பேசுவார். ஆட்சியாளர் கூட்டங்களைத் தடை செய்யலாம். வழிபாட்டைத் தடை செய்தல் எளிதன்று. மக்களின் துயரத்தை முதலில் கேட்பவர் அவரே ஆதலால், அத்துயரை வெளியே எடுத்துரைக்கும் கடமையும் அவர்மேல் வந்து விழுகிறது.

இனி, காசமான்ஸ் நாட்டை நோக்குவோம். ஆப்பிரிக்காவின் வரைபடத்தில் செனகலைப் பார்த்தால், அந்நாட்டின் வயிற்றுக்குள் ஒரு விரலை நுழைத்தாற்போல் காம்பியா என்னும் சிறு நாடு கிடப்பதைக் காணலாம். ஆற்றின் இரு கரைகளிலும் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த நிலம் அது. அதற்குத் தெற்கே, கினி-பிசாவ் எல்லை வரையில் உள்ள பகுதியே காசமான்ஸ். அதன் பெருநகரமான ஜிகின்சோர் நெடுங்காலம் போர்த்துகீசியரின் கையில் இருந்தது. 1886இல் பிரான்சுக்கும் போர்த்துகலுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அங்கிருந்து தலைநகர் டக்காருக்குத் தரைவழியே செல்வோர் பன்னெடுங்காலம் அயல்நாடொன்றைக் கடந்து, காம்பியா ஆற்றுத் துறையில் தோணிக்குக் காத்துநின்றே செல்ல வேண்டியிருந்தது. ஃபாரஃபென்னியில் பாலம் திறக்கப்பட்டது 2019ஆம் ஆண்டில்தான்.

வடக்குச் செனகல் மணலும் வேர்க்கடலையும் நிறைந்தது. காசமான்ஸோ நீரும் நெல்லும் நிறைந்தது. கீழைக் காசமான்ஸில் வாழும் தியோலா மக்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைத்தவர்கள். கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழிகளின் ஓரத்தில் கண்டற் காடுகளை வெட்டித் திருத்தி, வரப்பெடுத்து உவர்நீரைத் தடுத்து, மழைநீரால் மண்ணின் உப்பைக் கழுவி, அங்கே நாற்று நட்டவர்கள். நீண்ட பிடியுடைய கஜாந்து என்னும் மரமண்வெட்டியால் ஆடவர் பாத்தி எழுப்புவர். மகளிர் நாற்று நடுவர். அவர்கள் தொன்றுதொட்டு வளர்த்தது ஆசிய நெல்லன்று. ஆப்பிரிக்க மண்ணிலேயே தோன்றி, ஆப்பிரிக்கரால் பயிராக்கப்பட்ட வேறோர் இன நெல். நெல் அவர்களுக்கு உணவு மட்டுமன்று. கொடுக்கல் வாங்கலும், மணவினையும், தெய்வத்திற்கான படையலும் நெல்லைச் சுற்றியே அமைந்தன. அவர்களுள் அரசர் சிலர் இருந்தபோதும் பேரரசு இருந்ததில்லை. தத்தம் ஊரைத் தாமே ஆண்டுகொண்டவர்கள். தொலைவிலிருந்து வரும் ஆணைக்குப் பணிதல் அவர்கள் பழகாத ஒன்று.

இந்நாட்டில், ஒசூய் என்னும் ஊருக்கு அருகே 1928இல் பிறந்தவர் அகுஸ்தீன் தியாமகூன் செங்கோர். 1956இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். குருமாணவர்க்குக் கற்பித்தார், தம் மக்களின் பழங்கதைகளையும் வழக்காறுகளையும் திரட்டினார், அவற்றை வானொலி வாயிலாக எடுத்துரைத்தார். அந்நாளில் செனகலின் குடியரசுத் தலைவராக விளங்கியவரின் பெயரும் செங்கோர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவர் லெயோபோல் செதார் செங்கோர், உலகறிந்த கவிஞர், 1960 முதல் 1980 இறுதி வரை நாட்டை ஆண்டவர். கறுப்பின மக்களின் பண்பாட்டுப் பெருமையைப் பிரெஞ்சு மொழியில் பாடியவர். ஒரே பெயருடைய இருவருள் ஒருவர் ஆப்பிரிக்கா முழுமைக்குமான பெருமையைப் பேசினார். மற்றவர் ஆப்பிரிக்காவின் ஒரு மூலையில் உள்ள நெல்வயல்களின் பெருமையைப் பேசினார். பெரிய பெருமைக்குள் சிறிய பெருமைக்கு இடம் உண்டா என்னும் வினாவே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்தாயிற்று.

குருவின் சொல்லாற்றல் முதன்முதலில் வெளிப்பட்டது அலின்சித்தோவே தியாத்தா என்னும் பெண்ணின் வரலாற்றை அவர் எடுத்தாண்டபோதுதான். கபுரூஸ் என்னும் கடலோர ஊரில் 1920ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அலின்சித்தோவே. டக்காரில் வீட்டுவேலை செய்து பிழைத்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், தமக்கு இறைவாக்கு அருளப்பட்டதாகக் கூறித் தம் ஊருக்குத் திரும்பினார். மழை பொய்த்த நாளில் மழை வேண்டும் சடங்குகளை மக்களெல்லாம் கூடிச் செய்யுமாறு போதித்தார். வேர்க்கடலைக்காக நெல்வயலைக் கைவிடலாகாது என்றார். படையலுக்கு மூதாதையர் நெல்லே உரியது என்றார். பிரெஞ்சு ஆட்சியோ அதே காலத்தில் போருக்காக அம்மக்களிடம் நெல்லையும் மாட்டையும் பறித்துக்கொண்டிருந்தது. அக்காலத்து நெல் மறுப்பை, ஜிகின்சோரில் பிறந்த எழுத்தாளரும் இயக்குநருமான செம்பேன் உஸ்மான் 1971இல் ‘எமிதாய்’ என்னும் திரைப்படமாக்கினார் என்பதை இலக்கிய அன்பர்கள் அறிந்திருக்கலாம்.

1943 ஜனவரியில் அலின்சித்தோவே கைது செய்யப்பட்டார். நாடு கடத்தப்பட்டுப் பாலைநிலமாகிய திம்புக்துவில் வைக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அங்கு உயிர்நீத்தார். ஆனால் அவர் இறந்த செய்தி அவர் ஊருக்கு எட்டவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவர் என்றேனும் திரும்பிவருவார் எனக் காத்திருந்தோர் உண்டு. செனகல் அரசு 1983இல் ஆள் அனுப்பித் தேடிய பின்னரே உண்மை உறுதியாயிற்று.

1980 ஆகஸ்டில் டக்கார் நகரில் தியாமகூன் செங்கோர் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றின் பொருள் இப்பெண்ணே. அவர் அலின்சித்தோவேயைக் காசமான்ஸின் அரசி என்றார். பிரான்சின் ழான் தார்க்கோடு ஒப்பிட்டார். இவ்வொப்பீட்டை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அலின்சித்தோவே அரசியல்லர், மழைக்காக மன்றாடிய இறைவாக்கினர். காசமான்ஸ் தனி நாடாக வேண்டும் என அவர் கூறியதாகச் சான்றில்லை. அவர் பேசியது நெல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஊர் ஒற்றுமையைப் பற்றியுமே. ஆயினும், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒவ்வொருவரும் ழான் தார்க்கை அறிவர். கத்தோலிக்கர் அவரைப் புனிதையாகவும் அறிவர். ஆள்வோர் தமக்குக் கற்பித்த கதையைக் கொண்டே ஆள்வோர் மறந்த பெண்ணொருத்தியைக் குரு உயிர்ப்பித்தார். ஊர்க்கதை நாட்டின் காவியமாயிற்று. சொல்லின் முதல் ஆற்றல் இது. இறைவாக்கினரின் மழை ஒரு கொடியின் நிழலில் மறையத் தொடங்கியதும் அந்த நாளில்தான் எனலாம்.

சொல் மட்டும் மக்களைத் திரட்டிவிடுமா? நிலம் காய்ந்திருந்தாலன்றி நெருப்புப் பற்றாது. 1964ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்படி, பத்திரம் இல்லாத நிலமெல்லாம் நாட்டுடைமை எனக் கொள்ளப்பட்டது. மூதாதையர் திருத்திய வயலுக்குப் பத்திரம் ஏது? ஜிகின்சோரைச் சுற்றிலும் நிலங்கள் வடக்கிலிருந்து வந்தோர்க்கு ஒதுக்கப்பட்டன. அலுவலர் பலர் வடபுலத்தார். அலுவலகத்தில் ஒலித்ததும் வடபுலத்து மொழி. எழுபதுகளின் வறட்சி நெல்வயல்களை உவர்நிலமாக்கிற்று. 1980 ஜனவரியில் ஜிகின்சோரில் நிகழ்ந்த மாணவர் கிளர்ச்சியின்போது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். இக்குறைகளெல்லாம் தனித்தனியே கிடந்தன. அவற்றை ஒரே வாக்கியமாகக் கோத்தவர் குரு. காசமான்ஸ் ஜனநாயக சக்திகளின் இயக்கம் என்னும் பெயர் புதியதன்று. 1947இல் எமில் பதியான், இபு தியாலோ முதலியோர் செதியூவில் தோற்றுவித்த அரசியல் கட்சி ஒன்றின் பெயரே அது. அப்பெயர் 1982இல் மீண்டும் எழுந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஜிகின்சோரில் ஊர்வலம் நடைபெறுவதாக இருந்தது. அதற்குச் சில நாள் முன்னதாகவே குரு கைது செய்யப்பட்டார். ஊர்வலம் நிற்கவில்லை. ஆடவரும் மகளிரும் பெருந்திரளாகச் சென்று, அரசு அலுவலகத்தில் பறந்த நாட்டுக்கொடியை இறக்கி வெள்ளைக்கொடியை ஏற்றினர். வெள்ளைக்கொடியை ஏற்றிய அவ்வியக்கம் ஓராண்டிற்குள் குருதியில் தோய்ந்தது. 1983 டிசம்பரில் புனிதக் காடொன்றில் கூடியிருந்தோருக்கும் காவற்படையினருக்கும் மோதல் நேர்ந்து, காவற்படையினர் சிலர் மாண்டனர். அதே மாதம் 18ஆம் நாள் நகரில் நிகழ்ந்த மோதலில் பலர் உயிரிழந்தனர். அதன்பின் இளைஞர் காட்டுக்குள் சென்றனர். அடுத்த ஆண்டு அரசு, காசமான்ஸ் மாநிலத்தை ஜிகின்சோர், கோல்டா என இரண்டாகப் பிரித்தது. காசமான்ஸ் என்னும் பெயரே ஆட்சி வரைபடத்தினின்று மறைந்தது. பெயரை நீக்கினால் எண்ணம் நீங்கும் எனக் கருதினர் போலும்!

குரு ஐந்தாண்டுகள் சிறையில் இருந்தார், 1987இல் விடுதலையானார், 1990இல் மீண்டும் சிறை சென்று அடுத்த ஆண்டு பொது மன்னிப்பில் வெளிவந்தார். சிறை அவருடைய சொல்லுக்கு மேலும் எடை சேர்த்தது.

ஈண்டு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். செனகல் மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் இஸ்லாமியர். கிளர்ச்சியின் தலைவர் கத்தோலிக்கக் குரு. ஆதலின் இதனைச் சமயப் போர் எனக் கொள்வார் உளர். அது பொருந்தாது. நாட்டின் முதல் தலைவராகிய செங்கோரே கத்தோலிக்கர். கிளர்ச்சிப் படையின் முதன்மைத் தளபதி சிதி பாஜி இஸ்லாமியர்; பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். இயக்கத்தின் உறுதிமொழிகள் எடுக்கப்பட்ட இடமோ, தியோலா மரபின் புனிதக் காடுகள். மூன்று வழிபாட்டு மரபினரும் ஒரே இயக்கத்தில் இருந்தனர். திருச்சபையும் தன் பெயரால் அவர் பேசுகிறார் என ஒப்பவில்லை. அவரைக் கைவிடவும் இல்லை. ஆக, குருவுக்கு மக்கள் அளித்த மதிப்பு, அவருடைய சமயத்திற்கு அளித்த மதிப்பு மட்டுமன்று. எழுதவும் வாதிடவும் வல்ல, தனக்கென ஒன்றும் வேண்டாத ஒரு மூத்தவருக்கு அளித்த மதிப்பாகும்.

அவருடைய வாதத்தின் மையம் வரலாறு. காசமான்ஸ் பிரான்சோடு தனியாகச் சேர்ந்த நிலம். செனகலோடு அதனை இணைத்தது ஆட்சி வசதிக்காக. ஆதலின் பிரான்சு நீங்கியபோது காசமான்ஸும் தனித்து நின்றிருக்க வேண்டும் என்பது அவர் கூற்று. இருபதாண்டு உடனிருந்து பின் பிரியலாம் எனப் பழந்தலைவர்களிடையே ஒரு வாக்குறுதி இருந்ததாகவும் இயக்கத்தார் கூறினர். அதற்கு எழுத்துச் சான்று ஏதும் வெளிவரவில்லை. 1993இல் போர்நிறுத்தம் ஏற்பட்டபோது, வரலாற்றை அறிந்து கூறும் பொறுப்பு பிரான்சிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆவணக் காப்பாளர் ஜாக் சார்ப்பி குடியேற்றக் கால ஆவணங்களை ஆராய்ந்து, காசமான்ஸ் அக்காலத்தில் செனகலின் பகுதியாகவே ஆளப்பட்டது என அவ்வாண்டு டிசம்பரில் தெரிவித்தார். குரு அம்முடிவை ஏற்கவில்லை, மறுப்பெழுதினார்.

அன்பர்களே, இவ்விடத்தில்தான் இந்நிகழ்ச்சி என்னை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது. ஆள வந்தோரின் கோப்புகளைப் புரட்டி, ஆளப்பட்டோர் யார் எனத் தீர்ப்புரைப்பது முறையாகுமா? அலின்சித்தோவே இறந்த நாளையே அவர் மக்களுக்கு அறிவியாத ஆவணங்கள் அல்லவா அவை? அதே வேளையில் மற்றொன்றையும் கூறாதிருத்தல் நேர்மையன்று. குருவே தம் வழக்கை அக்கோப்புகளின்மீதுதான் கட்டினார். நேற்றைய ஆவணம் தனக்குச் சாதகமாக உள்ளது என்பதைவிட, இன்றைய வயலில் நிற்பவனின் குறை என்ன என்பதே வலிய சான்று. நிலம் பறிபோனதும், மாணவன் மாண்டதும், ஊரின் பெயர் நீக்கப்பட்டதும் மெய்ப்பிக்க ஆவணக் காப்பகம் வேண்டுவதில்லை. வழக்கு எல்லைக்கோட்டின் பழைமையைப் பற்றியதாக மாறியபோது, நெல் விளைத்தவனின் குரல் பின்னுக்குப் போயிற்று.

1992இலேயே இயக்கம் பிளவுற்றது. சிதி பாஜியின் வடமுனை போரை நிறுத்திற்று, தென்முனை தொடர்ந்தது. 1995இல் காசமான்ஸில் பிரெஞ்சுப் பயணிகள் நால்வர் காணாமற்போயினர். குரு ஜிகின்சோரில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1999 ஜனவரியில் குடியரசுத் தலைவர் அப்து தியூப் அவரை நேரிற் கண்டு உரையாடினார். அப்துலாய் வாட் ஆட்சியில், 2001 மார்ச்சில் இரண்டு உடன்பாடுகளிலும், 2004 டிசம்பர் 30ஆம் நாள் ஜிகின்சோரில் கையொப்பமான பொது அமைதி உடன்பாட்டிலும் குரு ஒப்பமிட்டார். ஒவ்வொரு முறையும் அவர் கையொப்பம் மெய்யானதே. ஆனால் காட்டிலிருந்த துப்பாக்கிகளுள் சில அக்கையொப்பத்தைக் கேட்டன, சில கேட்கவில்லை. போரைத் தொடங்க அவருடைய ஒரு சொல் போதுமானதாக இருந்தது. நிறுத்துவதற்கு அவருடைய பல சொற்களும் போதவில்லை.

இதற்குக் காரணம் யாது? ஒரு சொல் புறப்படும்போது எல்லோர்க்கும் உரியதாகிறது. கேட்டவர் ஒவ்வொருவரும் அதனைத் தத்தம் காயத்தோடு சேர்த்துக்கொள்கின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல, போர் ஒரு வாழ்க்கைமுறையாகிறது. காட்டுமரமும் முந்திரியும் கஞ்சாவும் அதன் வருவாயாகின்றன. எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளின் நலன்களும் வந்து கலக்கின்றன. இவற்றின்மீது குருவுக்கு ஆணை இல்லை. அவரும் சிறையிலோ காவலிலோ நகரத்தில் இருந்தார். போராளிகள் காட்டில் இருந்தனர்.

இழப்போ ஆயிரக்கணக்கான உயிர்கள். பல்லாயிரவர் ஊரை விட்டுக் காம்பியாவுக்கும் கினி-பிசாவுக்கும் ஓடினர். அரசுப் படையினரின் கொடுமைகளையும் போராளிகளின் கொடுமைகளையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து கண்ணிவெடிகள் மிகுதியாகப் புதைக்கப்பட்டன. எங்கே புதைத்தனர்? பாதைகளிலும், பழத்தோட்டங்களிலும், நெல்வயல்களுக்குச் செல்லும் வழிகளிலும். நாற்று நடச் சென்ற பெண்கள் கால் இழந்தனர். மூதாதையர் கடலிடமிருந்து மீட்ட வயல்களுட் பல, வரப்பு உடைந்து மீண்டும் உவர்நீரில் மூழ்கின. நெல்லைக் கைவிடாதீர் என்ற பெண்ணின் பெயரால் எழுந்த இயக்கத்தின் முடிவில், நெல்வயலுக்குள் கால் வைக்க இயலாத நிலை வந்தது. இதனினும் கொடிய முரண் வேறில்லை. இதற்குப் பொறுப்பு யாருடையது? குறையைக் கேளாது படையை அனுப்பிய ஆட்சியின் பங்கு பெரிது. புதைத்த கைகளின் பங்கு வெளிப்படை. தொடங்கிவைத்த சொல்லின் பங்கு இல்லை எனவும் கூறவியலாது.

2002 செப்டம்பர் 26ஆம் நாள், ஜிகின்சோரிலிருந்து டக்காருக்குப் புறப்பட்ட ‘ஜூலா’ என்னும் கப்பல் கவிழ்ந்து 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏற்றத்தக்கதைப்போல் பன்மடங்கு மக்கள் அதில் ஏறியிருந்தனர். தரைவழி அஞ்சத்தக்கதாக இருந்தமையால் கப்பலை நம்பியவர்கள் அவர்கள். போர், குண்டால் மட்டும் கொல்வதில்லை; வழிகளை அடைத்தும் கொல்கிறது.

குரு 2007 ஜனவரியில் பாரிசு மாநகர மருத்துவமனையில் காலமானார். அவருடைய உடல் ஜிகின்சோருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவருக்குப்பின் இயக்கம் மேலும் சிதறிற்று. 2014இல் தளபதி சலிஃப் சாதியோ தாமாகவே போர்நிறுத்தம் அறிவித்தார். 2022 ஆகஸ்டிலும் 2025 பிப்ரவரியிலும் பிசாவ் நகரில் வேறு பிரிவினரோடு உடன்பாடுகள் கையொப்பமாயின. இடம்பெயர்ந்தோர் சில ஊர்களுக்குத் திரும்பியுள்ளனர். அலின்சித்தோவேயின் பெயரை இன்று செனகல் அரசே போற்றுகிறது. ஜிகின்சோரின் விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்குகிறது. 2008இல் ஓடத் தொடங்கிய புதிய பயணிகள் கப்பலும் அவர் பெயரைத் தாங்குகிறது. எதிர்த்தவர்களின் சொல்லை ஆள்வோர் தமதாக்கிக்கொள்வதும் சொல்லின் வரலாற்றில் ஓர் அதிகாரமே.

குருவைக் குறித்து நம் முடிவு யாது? அவரை வீரர் என உயர்த்துவோரும் உளர். நாட்டைப் பிளக்க வந்தவர் எனத் தூற்றுவோரும் உளர். என் கருத்து இவ்விரண்டினும் வேறானது. மறக்கப்பட்ட ஒரு மக்களுக்கு அவர் நினைவைத் திருப்பித் தந்தார். அது பெரும்பணி, யாரும் அதைச் சிறுமைப்படுத்த இயலாது. அந்நினைவுக்கு எல்லைக்கோடு வரைந்ததும், அக்கோட்டுக்குக் காவலாகத் துப்பாக்கி வந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. அவற்றைத் தடுக்கும் வலிமை அவரிடம் இல்லை. இறுதி ஆண்டுகளில் நோயுற்ற உடலோடு உடன்பாட்டுக்கு மேல் உடன்பாட்டில் ஒப்பமிட்ட அம்முதியவர், தாம் விடுத்த சொல்லைத் திரும்ப அழைக்க முயன்றவராகவே எனக்குத் தோன்றுகிறார். அம்முயற்சி நிறைவேறவில்லை, ஆயினும் அதில் ஈடுபட்டதே அவருடைய குருத்துவத்தின் சிறந்த பகுதி என்பேன்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் இனியும் பல பழங்கதைகளை மீட்டெடுக்கும். மறக்கப்பட்டோரின் பெயர்களைப் பேசும். பேசவே வேண்டும். அவ்வாறு ஒருவரை மீட்டெடுக்குந்தோறும், அவர் மெய்யாக என்ன சொன்னார் என்பதையும் மாற்றாது சொல்லுவோமாக. அலின்சித்தோவே கேட்டது மழை. காக்கச் சொன்னது நெல். அவர் பெயரால் எழுப்பப்படும் எந்தக் கொள்கைக்கும் அளவுகோல் ஒன்றே: அவருடைய மக்கள் இன்று அச்சமின்றி வயலில் இறங்குகின்றனரா என்பதே அது.